ஒரு கல்லீரல், இரண்டு வீடுகள்

போன மாதம் ஒரு மத்தியானம் ஷர்மிளா போன் செய்தாள். மருத்துவமனையில் நான் விட்டுவந்த வேலையை இப்போது பார்ப்பவள். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்று அந்த வேலைக்குப் பெயர். உறுப்பைக் கொடுக்கிற குடும்பத்துக்கும் வாங்குகிற குடும்பத்துக்கும் நடுவே நிற்கவேண்டும். ஒருவரை ஒருவருக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

"மேடம், ஒரு கேஸ் வந்திருக்கு. லிவரும் போச்சு, கிட்னியும் போச்சு. தம்பி லிவர் தரேன்னு வந்து நிக்கிறாரு. இன்னொரு பக்கம் மூளைச்சாவு டோனருக்குப் பதிஞ்சும் வெச்சிருக்காங்க. தம்பிகிட்ட வாங்கிக்கலாமா, காத்திருக்கலாமான்னு வீட்ல ஒரே சண்டை. உங்க காலத்துல இந்த மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னு சொன்னாங்க."

வந்தது. போனில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அடுத்த வேலை எதுவும் இல்லை. சாரம் பகுதியில், மாடியில் இரண்டு அறை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு என்னா ஆச்சு?" என்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்பேன். வருடக்கணக்கில் அந்த ஒரே பதில். வெளியே பேசக்கூடாத வேலை. பேசாமலே இருந்து பழகியவளுக்குப் பேச ஆளே இல்லாமல் போய்விடும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. ஷர்மிளாவிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து நர்சிங் படிக்க வந்தவள் நான். படிப்பு முடிந்ததும் டயாலிசிஸ் பிரிவில் போட்டார்கள். ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே என் இளமை முழுவதும் போனது. பிறகு எங்கள் மருத்துவமனையில் கல்லீரல் மாற்று ஆரம்பித்தபோது, அந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்த சர்ஜன் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஏன் சார் நான்?" என்றேன். "நீங்க அவசரப்பட்டு யாருக்கும் ஆறுதல் சொல்ல மாட்டேங்கறீங்க. அது போதும்" என்றார்.

டாக்டர் சவரி என்று அவரைச் சொல்கிறேன். அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர். இவர் பிரான்ஸில் அறுவை சிகிச்சை கற்று, பல வருடம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அதனால் நாங்கள் அவரை 'முசே', பிரெஞ்சில் 'ஐயா', என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். ஆபரேஷன் முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவரிடமும் போய் "மெர்சி" என்று நன்றி சொல்வார். தரையைத் துடைக்க வந்த அம்மாவையும் விடமாட்டார்.

உயிரோடு இருக்கும் ஒருவர் கல்லீரலில் பாதியைக் கொடுக்க முன்வந்தால், முசே அவரைத் தனியாகச் சந்திப்பார். நான் மட்டும் கூட இருப்பேன். அந்தச் சந்திப்புக்கென்று அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதவின் பின்னால் மாட்டுவார். போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடுவார். மேஜைக்குப் பின்னாலிருந்து நாற்காலியை இழுத்துவந்து வந்தவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருவார். பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒன்றையும் மறைக்காமல் சொல்வார். எங்கே வெட்டுவோம், எவ்வளவு எடுப்போம், எப்படி வலிக்கும், எது தப்பாகப் போகக்கூடும், கொடுப்பவரே இறந்துபோவதும் அபூர்வமாக நடக்கிறது என்பது வரை. 'தியாகம்' என்ற வார்த்தையை அவர் சொல்லமாட்டார். எங்களையும் சொல்லவிடமாட்டார். ஒருமுறை நான் அதைச் சொல்லிவிட்டேன். அந்த ஆள் வெளியே போனதும், "ஜெயந்தி, அந்த வார்த்தையக் கேட்டப்புறம் அவன் எப்படி மாட்டேன்னு சொல்லுவான்? வாயக் கட்டிப் போட்டுட்டீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

சலீம் பாய் எங்களிடம் வந்தது அந்தக் காலத்தில்தான். காந்தி வீதிப் பக்கம் மெத்தை, தலையணை தைத்து விற்கும் கடை. வீடு முல்லா வீதியில். மனைவி மும்தாஜ், ஒரே மகன் ஜாபர். பாய்க்குப் பல வருடமாகச் சர்க்கரை. அதில் சிறுநீரகம் இரண்டும் கெட்டு டயாலிசிஸுக்கு வந்திருந்தார். கல்லீரலும் சுருங்கிப் போயிருப்பது பிறகு தெரிந்தது. குடித்துக் கெட்டதல்ல. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் கல்லீரல் என்றதும் தெரிந்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். அதில் அவருக்கு ரொம்ப வருத்தம்.

சிறுநீரக டாக்டர் வசுமதியும் முசேயும் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார்கள். கல்லீரல் கெட்டுப்போவதால் சிறுநீரகமும் மயங்கி நின்றுவிடுவது உண்டு. அப்படியென்றால் புதுக் கல்லீரல் வைத்ததும் சிறுநீரகம் தானாக விழித்துக்கொள்ளும். பாய்க்கு அப்படி இல்லை. ஸ்கேனில் இரண்டும் சுருங்கிக் கிடந்தன. அவை இனிமேல் வராது.

"அப்ப ரெண்டு வழி இருக்கு" என்றார் முசே. "ஒண்ணு, வீட்ல ஒருத்தர் கல்லீரல்ல பாதி தரலாம். வெட்டினாலும் ரெண்டு பேருக்கும் அது வளந்துடும். தேதி குறிச்சு, இவர் உடம்பு இன்னும் மோசமாகறதுக்கு முன்னாடியே செய்யலாம். ஆனா கிட்னி அப்படியேதான் இருக்கும். டயாலிசிஸ் தொடரணும், இல்ல இன்னொருத்தர் ஒரு கிட்னி தரணும். ரெண்டாவது வழி, மூளைச்சாவு ஆன ஒருத்தர்கிட்ட இருந்து ரெண்டும் ஒண்ணா வாங்கறது. ஒரே ஒடம்புலேர்ந்து வர்ற கல்லீரல், கூட வர்ற கிட்னிய ஓரளவு காப்பாத்தும். வீட்ல யாரையும் வெட்ட வேணாம். ஆனா அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வராமலேகூட போகலாம்."

பாய் உடனே சொன்னார்: "நான் காத்திருக்கேன் டாக்டர்."

"நான் கிட்னி தரேன்" என்றார் மும்தாஜ். "ஜாபர் ஈரல் தரட்டும்."

"மூணு பேரும் படுத்துட்டா கடைய யாரு தொறக்கறது?" என்றார் பாய். அவர் சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. ஜாபர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மும்தாஜுக்கும் சர்க்கரை இருந்ததால் அவரிடம் சிறுநீரகம் எடுக்க முடியாது என்று டாக்டர் வசுமதி சொல்லிவிட்டார். மிஞ்சியது ஜாபர். ரத்த வகை பொருந்தியது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருந்தன. கடைசியில் முசேயின் அறைக்கு வந்தான்.

இதை எழுத ஜாபரிடம் கேட்டேன். "எழுதுங்க சிஸ்டர்" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

முசே கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். போனை உள்ளே போட்டார். நாற்காலியை இழுத்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்றார். ஜாபருக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி மாசமாக இருந்தாள். அவன் கதவில் தொங்கிய கோட்டைப் பார்த்தான்.

"பயமா இருக்கு டாக்டர்."

"இருக்கும்."

"செத்துப் போயிடுவேன்னு இல்ல. படுக்க வெச்சு... தூங்க வெச்சு... எனக்கு நெனச்சாலே மூச்சு முட்டுது. ரெண்டு வாரமா சோறு எறங்கல. அத்தாவுக்குத் தர மாட்டேன்னு சொல்றவன் மனுஷனா டாக்டர்?"

"நீ மாட்டேன்னு சொல்றியா?"

ஜாபர் என்னைப் பார்த்தான். பிறகு முசேயைப் பார்த்தான். "மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

முசே அவன் தோளைத் தொடவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "நல்லது. நேரா சொன்ன. வெளிய போய் நான் உங்க வீட்ல 'இவருகிட்ட எடுக்க முடியாது'ன்னு மட்டும் சொல்லுவேன். ஏன்னு கேட்டா, அது கொடுக்க வந்தவரோட சொந்த மருத்துவ விஷயம், யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு சொல்லுவேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றோம். நீயும் எதுவும் சொல்ல வேணாம். இந்த ரூமுக்குள்ள நடந்தது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்" என்றார்.

வெளியே வந்து அப்படியே சொன்னார். மும்தாஜ் அழுதார். ஜாபர் சுவரோரம் நின்றான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு, "ஒன் மேல தப்பில்ல கண்ணு, அல்லா அப்படி நெனச்சிருக்கான்" என்றபோது அவன் முகம் போன போக்கை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

அடுத்த டயாலிசிஸுக்கு வந்தபோது பாய் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சிஸ்டரம்மா, ஒண்ணு சொல்றேன், வீட்ல சொல்லிடாதீங்க. ஜாபருகிட்ட எடுக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு பாருங்க, அப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு. அவன வெட்டி நான் பொழைக்கணுமா? எப்படி வேணாம்னு சொல்றதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருந்தேன்."

மகனுடைய வார்த்தையை அப்பாவிடம் சொல்ல முடியாது. அப்பாவுடைய வார்த்தையை மகனிடம் சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் பாரம் இறங்கியிருக்கும். "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு மிஷினைப் பார்த்தேன்.

காத்திருந்தார்கள். மழைக்காலம் வந்து போனது. ஜாபருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாயின் வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் மறுபடி சேர்ந்தது. டயாலிசிஸ் போட்டால் ரத்த அழுத்தம் விழுந்தது. கல்லீரல் வடிகட்டாத விஷம் தலைக்கு ஏறி, சில நாட்கள் நினைவு தடுமாறினார். அப்படி ஒரு நாள், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு படுக்கை விரிப்பின் ஓரத்தை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையில் இல்லாத ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். குத்தி, இழுத்து, முடிச்சுப் போட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். "பஞ்சு பத்தல ஜாபரு, இன்னும் கொண்டா" என்றார். ஜாபர் காலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை என் அறைக்கு வந்தான். "டாக்டரப் பாக்கணும் சிஸ்டர்."

மறுபடி கோட்டு கதவில் தொங்கியது. "பயம் போச்சா?" என்றார் முசே.

"போகல டாக்டர். பயத்தோடயே தரேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாருக்கும் தெரியாதே. யாரு சொல்லப் போறாங்க?"

முசே உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு அனுப்பினார். சில நாள் கழித்து வரச் சொன்னார். வந்தவனை மறுபடியும் அனுப்பினார். மூன்றாவது தடவையும் அவன் அதையே சொன்னபோதுதான் பரிசோதனைகளைத் திரும்ப எடுக்கச் சொன்னார். குடும்பத்திடம், "மறுபடி எல்லாம் பாத்தோம், இப்ப எடுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர்களும் கேள்வி கேட்கவில்லை. நல்ல செய்தி வந்தால் யாரும் கேட்பதில்லை. பாய்க்கு அன்று நினைவு தெளிவாக இருந்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். மும்தாஜ் கெஞ்ச, ஜாபர் காலைப் பிடிக்க, கடைசியில் பாய் சம்மதித்தார். அனுமதி தரும் குழுவின் முன்னால் எல்லாரும் போய் உட்கார்ந்து வந்தார்கள். நாள் குறித்தோம். ஜாபரை வார்டில் சேர்த்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் கீழே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டி பைக்கில் வந்த ஒரு பையன். பெயர் முருகன். பாகூர் பக்கம் கிராமம். டவுனில் ஏ.சி. பழுது பார்க்கும் வேலை. லாரி இடித்து, தலையில் அடி. வந்ததிலிருந்து நினைவு இல்லை. மூளை செயலிழந்துவிட்டது என்று முதல் சோதனையில் தெரிந்திருந்தது. சட்டப்படி சில மணி நேர இடைவெளி விட்டு இரண்டாவது சோதனை செய்ய வேண்டும். வெளியே பெஞ்சில் அவன் அம்மா அஞ்சலை உட்கார்ந்திருந்தார். புருஷன் இல்லை. சொந்தத்தில் கொஞ்சம் நிலம். அதில் வேலை இல்லாத நாட்களில் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கிக் கூட்டும் வேலை. ஒரே பிள்ளை.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடியில் ஜாபருக்கு மறுநாளைக்காக வயிற்றை மழிக்க ஆள் போயிருந்தது. அந்த நினைப்பு முகத்தில் வந்துவிடக் கூடாது என்பதுதான் அன்று எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இந்த அம்மா சரி என்று சொன்னால் மேலே இருக்கும் பையன் தப்பிப்பான், பாய்க்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். இந்த அம்மாவிடம் அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது கேட்பதாக இருக்காது, வற்புறுத்துவதாகிவிடும்.

"டாக்டர் என்னா சொன்னாரும்மா?" என்றேன்.

"மூளை போச்சுன்றாரு. என்னா போச்சு? நெஞ்சு ஏறி எறங்குதே சிஸ்டர். ஒடம்பு சூடா இருக்குது. தொட்டுப் பாத்தேன்."

"அந்த மூச்ச மிஷின் விடுதும்மா. அவரா விடல."

"நிறுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தாங்க. இன்னொரு வாட்டி பாப்பாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் கூட நிக்கணும். நீங்க நிறுத்தறப்ப என் கண்ணால பாக்கணும்."

இப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. தீவிர சிகிச்சை டாக்டர் தயங்கினார். அங்கேயே விழுந்துவிட்டால்? தடுத்து நிறுத்தச் சொல்லி அழுதால்? "நான் பக்கத்துல நிக்கறேன் டாக்டர்" என்றேன். உறுப்பு எடுக்கிற குழுவில் உள்ள டாக்டர்கள் இந்தச் சோதனையில் இருக்கக் கூடாது என்பதால் முசே அங்கே இல்லை. கடைசியில் அந்த டாக்டர் சரி என்றார்.

கண்ணிமையைத் திறந்து டார்ச் அடித்தார்கள். கருவிழி சுருங்கவில்லை. பஞ்சுத் திரியால் விழியைத் தொட்டார்கள். இமை துடிக்கவில்லை. காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தினார்கள். தொண்டைக்குள் குழாயை அசைத்தார்கள். இருமல் வரவில்லை. ஒவ்வொன்றும் எதற்கு என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே செய்தார். அஞ்சலை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு செயற்கை சுவாச மிஷினைக் கழற்றினார்கள். ரத்தத்தில் குறைந்துவிடாமல் ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. போர்வையை இடுப்பு வரை இறக்கிவிட்டார்கள்.

நெஞ்சு ஏறவில்லை.

உயிருள்ள உடம்பில் கரியமில வாயு சேரச் சேர, எவ்வளவு ஆழ்ந்த மயக்கத்திலும் ஒரு மூச்சாவது திமிறிக்கொண்டு வரும். அதற்காகத்தான் காத்திருப்பது. அந்த அறையில் எல்லாரும் ஒரு நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். அஞ்சலையின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அவருடைய மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. நடுவில் ஒருமுறை குனிந்து, "டேய், ஒரே ஒரு வாட்டி இழுடா" என்றார். ரகசியம் சொல்வதுபோல. மறுபடி நிமிர்ந்து நின்றார்.

ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்டர் மிஷினை மாட்டச் சொன்னார். நெஞ்சு மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. அஞ்சலை கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"இது அவன் இல்ல" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் கேட்கவேண்டிய நேரம். கேட்டேன். சிலருடைய உடம்பில் சில உறுப்புகள் வேலை செய்யாமல் போய்விடுகின்றன, முருகனுடையதை அவர்களுக்குக் கொடுக்க உங்களுக்கு விருப்பமா, இல்லை என்றாலும் ஒன்றும் குறையாது, உடம்பை மரியாதையாக ஒப்படைப்போம் என்று. அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடுத்தா அவங்க பொழைப்பாங்களா?"

"முயற்சி பண்ணுவோம்மா. நிச்சயமா சொல்ல முடியாது."

"பொய் சொல்லாம சொல்ற. சரி, எடுத்துக்கங்க." கொஞ்சம் கழித்து, "யாருக்குன்னு கேக்கக் கூடாதாமே?" என்றார்.

"சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லம்மா."

"வேணாம், சொல்லாத. நல்லா இருக்காங்களான்னு மட்டும் வருஷத்துக்கு ஒரு வாட்டி சொல்லு. அது போதும் எனக்கு."

சொல்கிறேன் என்றேன்.

மேலே முசேயும் டாக்டர் வசுமதியும் பேசிக்கொண்டிருந்தார்கள். முறைப்படி தகவல் போய், கல்லீரலும் ஒரு சிறுநீரகமும் எங்கள் நோயாளிக்கு என்று வந்துவிட்டது. இன்னொரு சிறுநீரகம் வேறு ஊருக்கு. "ரெண்டும் ஒரே டோனர். இதைவிட என்ன வேணும்?" என்றார் டாக்டர் வசுமதி. முசே தயங்கினார். "ஜாபரோட கல்லீரல் எனக்குத் தெரியும். ஸ்கேன்ல ஒவ்வொரு குழாயும் மனப்பாடம். இந்தப் பையனுக்குப் பிரஷர் ரெண்டு தடவ விழுந்திருக்கு. தெறந்து, கண்ணால பாத்து, கையால தொட்டப்புறம்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் ஜாபர் தயாரா இருக்கட்டும்."

அதனால் மறுநாள் காலை ஜாபர் பச்சை அங்கி போட்டுக்கொண்டு, ஆபரேஷன் அரங்குக்கு வெளியே உள்ள அறையில் காத்திருந்தான். அந்த அறையின் ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு மேஜையில் முருகன். இன்னொரு அறையில் பாய். உள்ளிருந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "முசே பாத்துட்டாரு. நல்லா இருக்காம். அந்தத் தம்பிய வீட்டுக்குப் போகச் சொன்னாரு" என்றாள்.

நான் போய் ஜாபரிடம் சொன்னேன். அவன் புரியாதவன்போல் பார்த்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். மழித்த வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"நான் தரேன்னு சொன்னது பொய்யில்ல சிஸ்டர். இன்னிக்கு உள்ள போயிருப்பேன்."

"தெரியும் ஜாபர்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்கு மட்டும்தான்" என்றான்.

பாயின் புதுக் கல்லீரல் மேஜையிலேயே பித்தநீர் சுரந்து வேலையைத் தொடங்கியது. சிறுநீரகம் உடனே விழிக்கவில்லை. சில நாட்கள் டயாலிசிஸ் போட்டோம். டாக்டர் வசுமதி காலையிலும் மாலையிலும் வந்து, சிறுநீர் சேரும் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு காலை நான் போனபோது பையில் மஞ்சளாகக் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அன்று மாலை அது நிரம்பியது. மும்தாஜ் அந்தப் பையைப் பார்த்து அழுதது போல யாரும் எதையும் பார்த்து அழுது நான் கண்டதில்லை.

பாய் நடந்து வீட்டுக்குப் போனார். கடையில் உட்கார்ந்தார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். நான் அந்த வழியாகப் போகும்போது எழுந்து நின்று கும்பிடுவார். "கொடுத்தவங்க வீடு எங்கன்னு சொல்லுங்க சிஸ்டரம்மா, வாசல்லயே நின்னுட்டு வந்துடறேன்" என்பார். சொல்ல முடியாது என்பேன். "ஒவ்வொரு தொழுகையிலும் அவங்களுக்காகக் கேக்கறேன். பேரு தெரியாம கேக்கறேன்" என்பார். எனக்குப் பேர் தெரியும்.

முருகன் இறந்த நாள் வரும்போதெல்லாம் அஞ்சலை மருத்துவமனைக்கு வருவார். உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று ஆள் விட்டுக் கூப்பிடுவார். "நல்லா இருக்காங்களா?" "நல்லா இருக்காங்கம்மா." "சரி." அவ்வளவுதான். டீகூடக் குடிக்காமல் பாகூர் பஸ் ஏறிவிடுவார். அங்கிருந்து ஒரு நிறுத்தம் நடந்தால் பாயின் கடை. பஸ் அதைத் தாண்டித்தான் போகும்.

முசே மகளோடு இருக்க பிரான்ஸுக்குப் போய்விட்டார். போன பிறகு ஒரே ஒருமுறை பேசினார். "ஜாபர் எப்படி இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார், பாயை அப்புறம்தான் கேட்டார். பிறகு அவருடைய போனும் நின்றது. நான் ஓய்வு பெற்றேன். அஞ்சலைக்கு வீட்டு அடையாளம் சொல்லியிருந்தேன். அவர் அங்கேயும் வந்து, படியேறாமல் கீழே நின்று கூப்பிட்டு, அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டுக்கு என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

போன வருடம் ஒரு காலை ஜாபர் போன் செய்தான். "அத்தா மௌத்தாயிட்டாரு சிஸ்டர்." மாரடைப்பு. கல்லீரலும் சிறுநீரகமும் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தன. முல்லா வீதி வீட்டுக்குப் போனேன். உள்ளே பெண்களோடு மும்தாஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் ஜாபர் என்னை வாசல் பக்கம் கூப்பிட்டான்.

"சிஸ்டர், அவங்க வீட்டுக்குச் சொல்லணுமே."

"யார் வீட்டுக்கு?"

"கொடுத்தவங்க வீட்டுக்கு. எங்க பேரு சொல்ல வேணாம், ஊரு சொல்ல வேணாம். ஆனா சொல்லணும். அவங்களுக்கும் இது மௌத்துதானே?"

மறுநாள் பாகூர் பஸ் ஏறினேன். இத்தனை வருடத்தில் நான் அஞ்சலையின் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. விசாரித்துக்கொண்டு போனேன். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முருகனுடைய நாள் வருவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. நான் ஏன் வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போயிட்டாங்களா?" என்றார்.

"ஆமாம்மா. மாரடைப்பு. உங்க புள்ள கொடுத்தது கடைசி வரைக்கும் நல்லாதான் வேலை செஞ்சுது."

"கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லம்மா."

"கூட ஆளுங்க இருந்தாங்களா?"

"எல்லாரும் இருந்தாங்க."

"எடுத்தாச்சா?"

"நேத்து."

"இன்னொருத்தருக்கு ஒண்ணு குடுத்தீங்களே, அது?"

"அது வேற ஊரும்மா. எனக்கு ஒண்ணும் தெரியல."

"இருக்கட்டும். எங்கயாவது இருக்கட்டும்."

கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். கட்டியிருந்த புடவையோடு நின்று, சொம்பு சொம்பாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். சத்தம் போட்டு அழவில்லை. யார், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை. நான் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து முந்தின நாள் நானும் குளித்திருந்தேன், மாடி வீட்டில், தனியாக.

ஊற்றி முடித்ததும் சொம்பை மறுபடி நிரப்பி என் பக்கம் திரும்பினார்.

"வா."

"நானாம்மா?"

"பின்ன? அந்த வீட்டுக்கும் நீதான் போன, இங்கயும் நீதான் வந்திருக்க. உனக்கில்லாத தீட்டா? குனி."

கைப்பையைப் படியில் வைத்துவிட்டு அவர் முன்னால் குனிந்தேன்.